போகாத உள்ளான்கள்

விமான நிலையத்தில் பறவை விரட்டும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஓடுபாதையை ஒட்டிச் சேற்றுக் கழிமுகம். குளிர்காலம் முழுக்க அங்கே மேயும் உள்ளான் பறவைகள், கோடை தொடங்கியதும் வடக்கே பறந்துவிடும். போன வாரம் மூன்று நாள் பார்த்தாள். சேறு வெறிச்சோடிக் கிடந்தது. 'பறவைகள் போய்விட்டன, காலை ரோந்து வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இன்று விடிந்ததும் ஜீப் டிரைவரிடம் போய் நின்றாள்.

"சும்மா ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்ணே."

"போனதுங்களத் தேடி நாம எதுக்கும்மா அலையணும்?" என்று முணுமுணுத்தபடியே அவர் வண்டியை எடுத்தார்.

முந்தின நாள்தான் பௌர்ணமி. கடல் பெருகிக் கழிமுகத்தை முழுசாக மூடியிருந்தது. ஓடுபாதையின் கோடியில், தார்மேல் சாம்பல் நிறத்தில் எதையோ விரித்துப் போட்டமாதிரி இருந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். உள்ளான்கள்! முந்நூறுக்குக் குறையாது. வடக்கே கிளம்பும் பெரியவற்றுக்கு மார்பு சிவந்திருக்கும்; இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சிவக்கவில்லை. எல்லாம் போன வருஷக் குஞ்சுகள். முதல் கோடையில் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுபவை. இத்தனை நாளும் மறுகரையில் மேய்ந்துவிட்டு, சேறு மூழ்கியதும் இங்கே ஏறியிருக்க வேண்டும். அவள் அங்கே போய்ப் பார்க்கவே இல்லை.

தூரத்தில் விமானத்தின் விளக்கு தெரிந்தது.

"டவர், இறக்காதீங்க! பாதை மேல பறவை!" என்று வாக்கி டாக்கியில் கத்தினாள்.

"என்ன மேடம், எல்லாம் போயிடுச்சுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"எழுதினது தப்பு. என் தப்புதான். மேல ஏத்தச் சொல்லுங்க!"

விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். திடீரென்று இரைச்சல் கூடி, விமானம் அவர்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது. அந்தச் சத்தத்தில் மிரண்டு கூட்டம் மொத்தமும் எழும்பியது. சக்கரம் தொட்டிருக்க வேண்டிய இடத்தில் சுழன்று சுழன்று பறந்தது.

ஹாரன் அடித்து விரட்டியபின் விமானம் இறங்கியது. பயணிகள் கொட்டாவி விட்டபடி பெட்டியை இழுத்துப் போனார்கள்.

"உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானே ஆளக் கொறச்சேன்? எழுத்துல விளக்கம் குடுங்க" என்று அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார் நிலைய மேலாளர்.

அவள் வெளியே வந்ததும், ஜீப்பருகே காத்திருந்த டிரைவர் சொன்னார்: "விடும்மா. வீட்ட விட்டு நகராத பிள்ளைங்க எல்லாக் குடும்பத்துலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கத்தில் மறைக்காமல் எழுதினாள்: பெரியவை போய்விட்டன, குஞ்சுகள் போகவில்லை, கோடை முழுக்க இருக்கும், ரோந்து வேண்டும். ரோந்துக்கு அன்றே அனுமதி வந்தது. அவள் வேலை என்னாகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.