சுவரோடு ஒட்டிப் போட்ட சோபா

என் வீட்டுக்காரரைச் சோபாவுக்குள் வைத்துத் தைத்தது நான்தான். எங்கள் பட்டறையில் மரவேலையும் நார், பஞ்சு அடைப்பதும் அவர் பொறுப்பு. மேலுறை தைப்பது என் பொறுப்பு. எந்தச் சோபாவானாலும் கடைசித் தையல் என்னுடையது. அன்றும் அப்படித்தான்.

எங்கள் ஒரே மகள் சைக்கிளில் டியூஷனுக்குப் போனபோது கார் மோதிச் செத்துப்போனாள். காரை ஓட்டியவர் ஊரில் பெரிய கை. கோர்ட்டில் கூண்டு ஏறியதோ அவருடைய டிரைவர். பிறகு டிரைவரும் ஓட்டவில்லை என்று ஆகி, கடைசியில் அந்தக் காரை யாருமே ஓட்டவில்லை என்கிற மாதிரி வழக்கை முடித்துவிட்டார்கள். கார்க்காரர் ஒருநாள்கூட கோர்ட் பக்கம் வரவில்லை. எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவர் ஷோரூமில் கொடுத்த சோபா ஆர்டர் எங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்தது.

விலாசத்தைப் படித்ததும் வீட்டுக்காரர் அளவு டேப்பை எடுத்தார். மரத்தை அளக்கவில்லை. தன்னை அளந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"நான் உள்ள படுத்தா இடம் பத்துமான்னு பாக்கறேன்."

"பத்தினா?"

"பத்தினா அந்தாளு முடிஞ்சான்."

திட்டம் இதுதான். சோபாவின் அடியில் பெட்டி மாதிரி ஓர் அறை. முதுகுப் பக்கத் துணியை நான் ஒரே நூலில் தைக்க வேண்டும். உள்ளேயிருந்து இழுத்தால் பிரிந்துவிடும். வீடு அடங்கியதும் அவர் வெளியே வந்து, பஞ்சு கோக்கிற நீள ஊசியால் காரியத்தை முடித்துவிட்டு மறுபடியும் உள்ளே படுத்துக்கொள்வார். காலையில் நான் போய், நிறம் மாறி வந்துவிட்டது என்று சொல்லிச் சோபாவைத் திருப்பி எடுத்துவர வேண்டும்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் மகள் போனதிலிருந்து சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறவர், அன்று சோபாவின் படத்தைப் போட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தார். அதைப் பார்த்த பிறகு மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உட்காரும் இடத்தில் இழுத்துக் கட்டிய நாடாப்பட்டை, அதன் மேல் நார், அதன் மேல் ரப்பர், அதன் மேல் பஞ்சு என்று எப்போதும் போல நான்கு அடுக்கு வைத்தார். "கொல்லப் போற ஆளுக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டேன். "குறைச்சா எனக்குக் கை வராது" என்றார்.

வண்டியில் ஏற்றும்போது லோடுக்காரர் திணறிப்போனார். "என்னக்கா இது, உள்ள ஆளை வச்சுத் தச்சீங்களா?"

"நல்ல மரம் தம்பி" என்றேன்.

ஒரே ஒரு விஷயத்தில் கோட்டை விட்டோம். பட்டறையில் சோபா எப்போதும் நடுவில்தான் நிற்கும். நாலா பக்கமும் சுற்றி வந்து வேலை செய்தே எங்களுக்குப் பழக்கம். வீடுகளில் அதைச் சுவரோடு ஒட்டிப் போடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் சோபா கிடையாது.

மறுநாள் காலை கார்க்காரரின் மனைவி போன் செய்தார். "சோபாக்காரம்மாவா? உங்க சோபா குறட்டை விடுது. வந்து என்னன்னு பாருங்க."

போனேன். சோபா சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேல், முந்தின நாள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பது போலக் கார்க்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல கனத்த உடம்பு. அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. காதில் முடி முளைத்திருந்தது.

"ராத்திரியும் இதுலயேதான் தூங்கினாரு" என்றார் மனைவி. "நான் இவர் குறட்டைன்னுதான் நெனச்சேன். பாத்தா இவர் கண்ணை முழிச்சிட்டு உக்காந்திருக்காரு."

"சத்தத்தை விடு" என்றார் அவர். "உக்காந்தா கதகதன்னு இருக்கும்மா. என் முதுகுவலி எங்க போச்சுன்னே தெரியல. அப்பப்ப லேசா ஏறி எறங்குது வேற. இது என்ன மாடல்?"

"புது மாடல் சார். பஞ்சு செட்டாகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். நிறம் மாறி வந்துடுச்சு, எடுத்துட்டுப் போகணும் சார்."

"நிறம் கெடக்குது. இன்னொண்ணு இதே மாதிரி செஞ்சு குடு, என் மச்சானுக்கு."

"கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா உள்ள பாத்துடுவேன் சார்."

"எந்திரிக்கிறதா? நான் உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குப் பாரு."

மண்டியிட்டு, பக்கவாட்டுத் தையலைப் பார்க்கிற சாக்கில் வாயை அங்கே கொண்டுபோனேன். "என்னங்க."

"தண்ணி" என்றது சோபா.

கார்க்காரரின் மனைவியிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, தையலை இரண்டு விரல் அகலம் பிரித்து உள்ளே ஊற்றினேன். அந்தம்மா பதறிவிட்டார். "ஐயோ, புது சோபாவுக்குள்ள என்னம்மா ஊத்தறீங்க?"

"நார் காஞ்சிருக்கும்மா. ஊறினா சத்தம் நின்னுடும்."

மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. "பாருங்க, எப்படி இழுக்குது" என்றார் அந்தம்மா.

நான் மறுபடியும் குனிந்தேன். "போதுங்க. வந்துடுங்க. சொல்லிடறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்."

"வாயத் தொறக்காத. மேல உக்காந்திருக்கிறது அவன்தானே?"

நிமிர்ந்து கார்க்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தேன்.

"அவனா இல்லையா?"

"அவருதான்."

சோபா ஒரு முறை எம்பித் தணிந்தது. மேலே கார்க்காரர் "அப்பாடா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சுகம்.

"தூங்கிட்டாரு, குடுத்து வச்சவர்" என்றார் மனைவி. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. மகளைத் துணியால் மூடும் முன் பார்த்தவள் நான். தூக்கம் எது, அது எது என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். "ஹார்ட்தான். உடம்பைக் குறைங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்" என்றார். உடலைத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனபோது சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தானாக, சுகமாக, ஒரு வலியும் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகள் ரோட்டில் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்தாளாம்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் வராத அழுகை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "யாரோ எவரோ, சோபா தைக்கிறவங்க, அவங்க அழறதைப் பாருங்க" என்று சொல்லி அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் அழுதோம்.

கார்க்காரரின் மகன் வந்ததும் முதலில் சொன்னது, "இந்தச் சோபா என் கண்ணு முன்னாடி இருக்கக்கூடாது, எடுத்துட்டுப் போயிடுங்க." வீட்டு ஆட்களே தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

பட்டறைக்கு வந்து பிரித்தேன். நார்த்தூசியும் வேர்வையுமாக வெளியே வந்தார். கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை.

"செத்தானா?"

"செத்துட்டாரு."

"ஒரே குத்து. காதுல பஞ்சை அடைச்சிட்டு முழு பலத்தையும் போட்டுக் குத்தினேன். நான்தானே?"

"நீங்கதான்" என்றேன்.

சோறு போடச் சொன்னார். அவர் சாப்பிடும்போது சோபாவின் இருக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். துளை இல்லை. முனை குத்தவும் இல்லை. அடியில் கை விட்டால் ஊசி காதுவரை ஏறியிருந்தது. நாரையும் ரப்பரையும் தாண்டிப் பஞ்சில் நின்றுவிட்டது. "ஊசியைத் தொடாத, அது ஆதாரம்" என்று தட்டிலிருந்தே சொன்னார்.

"என்ன ஆதாரம்?"

"ஸ்டேஷனுக்குப் போகப் போறேன். கேஸ் நடக்கும். ஏன் கொன்னேன்னு ஜட்ஜ் கேட்பாரு. கேட்டுத்தானே ஆகணும்? அப்ப பாப்பா பேரைச் சொல்லலாம்."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "யோவ், அவர் ஹார்ட் அட்டாக்ல போனாரு. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். நீ அப்ப எங்க இருந்த?"

"அவருக்குக் கீழ சார்."

"எதுக்குக் கொன்ன?"

மகளின் பெயரைச் சொன்னார். அந்த வழக்கை முடித்ததும் இதே ஸ்டேஷன்தான். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. "ஆதாரம் இருந்தா கொண்டா. இல்லாட்டி வீட்டுக்குப் போய்யா" என்று விரட்டினார். தட்டிக் கழிக்கத்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்துவிடுவார்.

மறுநாளே லோடுக்காரரை வைத்துச் சோபாவை ஸ்டேஷனில் இறக்கினார். "பிரிச்சுப் பாருங்க சார். ஊசி உள்ளதான் இருக்கு, மேல வரைக்கும் வந்திருக்கும்." கத்தியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிரித்தால் பழைய கேஸும் சேர்ந்து பிரியும் என்று அவர் பயந்திருப்பார். என் பயம் வேறு. பிரித்தால் என் வீட்டுக்காரர் யாரையும் கொல்லவில்லை என்று தெரிந்துவிடும். மகளுக்காக அவர் செய்ததாக நம்பிக்கொண்டிருந்த ஒரே காரியம் அது.

கத்தி துணியைத் தொட்டுவிட்டது.

"சார்" என்றேன், "பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உக்காந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, உட்கார்ந்தார். கொஞ்சம் சாய்ந்தார். காலை நீட்டினார்.

"பிரிக்கணும்னா லேப்லதான் பிரிக்கணும்" என்றார் கண்ணை மூடியபடி. "அதுவரைக்கும் இது ஸ்டேஷன் பொருள். யாரும் கை வைக்கக் கூடாது."

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க அடிக்கடி போய் வருவார். இன்ஸ்பெக்டர் சோபாவில் சாய்ந்தபடியே, "விசாரணை நடக்குதுய்யா, ஊரை விட்டு எங்கயும் போயிடாத" என்பார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வருவார். ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடம் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் மகளைப் பற்றி ஏதாவது ஒன்று புதிதாகச் சேரும்: எப்படிச் சிரிப்பாள், எதற்கெல்லாம் கோபித்துக்கொள்வாள் என்று. வீட்டில் அவள் பேச்சு மறுபடியும் வந்தது இப்படித்தான்.

கடைசியில் பஞ்சுத்தூசி நெஞ்சில் கட்டி, இருமி இருமியே என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூட, தன்மேல் கொலைக் கேஸ் இருக்கிறது, சொல்லாமல் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்.

செய்தியைச் சொல்ல நானே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் சட்டென்று சோபாவை விட்டு எழுந்து நின்றார். நான் அவரை உட்காரச் சொன்னேன்.