அப்பா பேசிய பிரெஞ்சு

அப்பாவின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது, வீ, வீ என்கிறார், எதிர் நாற்காலியில், தம் மகனுக்கு என்னைப் பெண் கேட்டுப் பாரீசிலிருந்து வந்திருக்கும் தனராசு மாமா பிரெஞ்சில் மடமடவென்று ஏதோ சொல்கிறார், அப்பா கண்ணை லேசாக மூடி, தாடையைத் தடவி, ஆழ்ந்து யோசித்தவர்போல் மறுபடி வீ என்கிறார், வீ என்றால் ஆமாம், புதுச்சேரியில் கைக்குழந்தைக்கும் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும், காலையில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றை விரித்து உட்காருவார், கேலிச்சித்திரப் பக்கத்தில் சிரிப்பார், மரண அறிவிப்புப் பக்கத்திலும் அதே சிரிப்பு, மாலையில் கடற்கரைச் சாலையில் எதிர்ப்படும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் போன்சுவார் என்று வணக்கம் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் டாக்டர் நடக்கச் சொன்னதைவிட வேகமாக நடந்து கடந்துவிடுவார்.

நான் சங்கராபரணி ஆற்று மணலை ஆராய்ந்துகொண்டிருந்தேன், ஆய்வேட்டில் கடைசி இரண்டு இயல்கள் பாக்கி, முதுகலையில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தபோதுகூட அப்பா பெருமூச்சுதான் விட்டார், மண்ணப் படிச்சு இன்னாம்மா பண்ணப் போற, வெளிநாட்டு பாஷ ஒண்ணு பேச வரலியே, படிச்சவன்னா நாலு வெளிநாட்டுக்காரன் நடுவுல நிக்கணும் என்றார், நின்னா போதுமா, வாயத் தொறக்க வேணாமா என்று அம்மா உள்ளிருந்து கேட்கிறாள், அந்தக் குரலும் இந்த மதியத்தின் எண்ணெய்ச் சத்தமும் ஒன்றாகக் கேட்கின்றன, அம்மா வடை எடுக்கிறாள், கூடத்திலிருந்து எழுந்துவந்த மாமாவின் மனைவி அமலோற்பவம் அத்தை சூட்டோடு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, உங்க வூட்டுக்காரருக்கு எவ்ளோ பெரிய மனசு அண்ணி, படிப்ப இதோட நிறுத்திட்டு மாசியிலயே பொண்ண அனுப்பறேன்னுட்டாரே, இவ்ளோ சுளுவா முடியும்னு நாங்க நெனக்கவே இல்ல என்கிறார், அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது, எப்பச் சொன்னாரு, இப்பதான் அண்ணி, இவரு திருப்பித் திருப்பிக் கேட்டாரு, எல்லாத்துக்கும் வீன்னாரு.

கூடத்துக் கதவருகில் வந்து நிற்கிறேன், வாயைத் திறந்தால் அப்பாவின் இத்தனை வருஷத்துப் பிரெஞ்சு போய்விடும், திறக்காவிட்டால் என் படிப்பு போய்விடும், அப்பா, மாமா இப்ப இன்னா கேட்டாரு என்றேன், பெரியவங்க பேச்சு, உனக்கெதுக்கு, இல்லப்பா, தமிழ்ல சொல்லுங்க, அப்பா ஜன்னலைப் பார்த்தார், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார், பாரீசுல இப்ப ரொம்பக் குளுராம் என்றார்.

என் பின்னாலேயே வந்திருந்த அத்தைக்கு வடை புரையேறியது, தனராசு மாமா அப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, சுத்தமான புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தமிழில், அண்ணே, வாசல்லயே நீங்க பிரெஞ்சுல ஆரம்பிச்சீங்க, நான் தமிழ்ல பேசினா மட்டமா நெனச்சுக்குவீங்களேன்னுதான் பேசினேன், எனக்குந் தொண்ட காஞ்சிபோச்சு என்றார், அப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார், மாமா விடவில்லை, இல்ல அண்ணே, கேட்டது இதுதான், பொண்ணு படிப்ப நிறுத்திட்டு மாசியில அனுப்பிடறீங்களா.

அப்பா ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன், பழக்கத்தில் தலை கீழே இறங்கத் தொடங்கியது, பாதியில் நின்றது, மூடப் போன கண்கள் திறந்தே இருந்தன, என்னைப் பார்த்தார், இவளுக்கு இன்னும் எவ்ளோ பாக்கி என்று அம்மாவிடம் கேட்டார், அவளையே கேளுங்க என்றாள் அம்மா, ரெண்டு இயல்ப்பா என்றேன், இன்றும் கனவில் இந்த இடத்தில் கூடம் முழுக்க மணல் கொட்டிக் கிடக்கிறது, அப்பா நாற்காலியோடு அதில் புதைந்து உட்கார்ந்திருக்கிறார், அன்று நடந்தது போலவே அந்தத் தலை மெதுவாக நிமிர்கிறது, இடமும் வலமும் அசைகிறது, முடியாதுங்க தனராசு, அவ முடிக்கட்டும், அதுக்கப்புறம் அவளையே கேளுங்க.