ஐந்தாம் பாகம்

தலையில்லாத குதிரைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த இடத்தில் ஜஸ்டஸ் வாசிப்பதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஏன் எல்சா, தலையே இல்லாத குதிரைக்கு வழி எப்படித் தெரியும்?"

"மூணாம் பாகத்துல சொல்லியிருக்குதுங்க," என்றாள் அவர் மனைவி, கண்ணைத் திறக்காமல். "மேல படிங்க."

அவருக்கு மூன்றாம் பாகமும் தெரியாது, முதல் பாகமும் தெரியாது. 'கருநீர்க் கோட்டை' வரிசையில் அவர் கையில் எடுத்த முதல் புத்தகமே ஐந்தாம் பாகம்தான். முந்தைய நான்கையும் எல்சா தானே படித்து முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜோவிதா வாங்கி அனுப்புவாள். யார் செத்தார்கள், செத்தவர்களில் யார் எழுந்து வந்தார்கள் என்று அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டே இருப்பார்கள். "கிறிஸ்தவ ஊட்டுல பேய்ப் புஸ்தகம் எதுக்கு?" என்று எல்சாவின் அண்ணன் ரொனால்ட் கேட்டபோது ஜஸ்டஸும் அவர் பக்கம்தான் பேசினார்.

ஐந்தாம் பாகம் வந்து சேர்ந்த சமயம் எல்சாவுக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். எல்சா மலையில் அரவேணு ஊரிலிருந்த தங்கள் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, "ஏனுங்க, அந்தப் பார்சலப் பிரிங்க," என்றாள்.

ஜஸ்டஸ் வெலிங்டன் ராணுவ முகாமில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிணங்கள் மண்ணைப் பிளந்து எழுவதையும், கம்பளியும் பூட்ஸும் வந்து இறங்கியதைச் சொல்வது போலத்தான் வாசிப்பார். எல்சாவுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அன்று மத்தியானம் கதை கோட்டை வாசலுக்கு வந்திருந்தது. அமரி என்ற பெண், செத்துப்போன தம்பியைத் தேடிப் பாதாளம்வரை போய்விட்டாள். கதவைத் திறந்துவிட்டால் தம்பியைத் தருகிறேன் என்கிறான் எலும்புக் கிரீடம் வைத்த ராஜா.

"தந்துருவானா?" என்று கேட்டார் ஜஸ்டஸ்.

"அந்த ராஜாவ நம்பாதீங்க," என்றாள் எல்சா.

அவர் படித்தார். அமரி கதவில் கை வைத்தாள். உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது, சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட செல்லப் பெயரோடு. ஜஸ்டஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தன் குரல் எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. ராஜா பேசும்போது அது தணிந்தது, அமரி பேசும்போது நடுங்கியது. எதிர்ச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதையோ, பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றதையோ அவர் பார்க்கவில்லை. பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அடப்பாவி," என்றார் அத்தியாயம் முடிந்ததும். "நீ சொன்னாப்புலயேதான் எல்சா. உள்ள தம்பியே இல்ல. வெறும் கொரலுதான்."

பதில் வரவில்லை. தலை அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கதை கேட்கிற முகம்தான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எந்த இடம்வரை கேட்டாள்? கதவு திறந்தது அவளுக்குத் தெரியுமா? பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். எங்கே பார்த்தாலும் எழுத்துதான் இருந்தது.

சாயங்காலம் கீழ் கோத்தகிரியிலிருந்து ரொனால்ட் வந்தார். தங்கையின் நெற்றியில் கை வைத்து ஜெபித்துவிட்டு ஜஸ்டஸின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளுங்களா மாப்ள?"

ஜஸ்டஸுக்குப் பொய் சொல்ல வராது. "அந்த ராஜாவ நம்பாதீங்கன்னா, மச்சான்."

ரொனால்ட் கண்ணை மூடினார். "ஆண்டவரே," என்றார் மெதுவாக. விளக்கிச் சொல்லலாம் என்று ஜஸ்டஸ் வாயெடுத்தார். மச்சானின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் மழை இல்லை. குழியைச் சுற்றி எல்லோரும் நிற்க, போதகர் வேதாகமத்தை மூடிவிட்டுப் பேசினார். "நம்முடைய சகோதரி கடைசி மூச்சில் ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ராஜாவை நம்பாதே என்று. யார் அந்த ராஜா? இந்த உலகத்தை ஆசை காட்டி மயக்குகிறவன். வாசலைத் திற, கேட்டதெல்லாம் தருகிறேன் என்கிறவன். சகோதரி அவனை நன்றாக அறிந்திருந்தார்கள்."

ஜஸ்டஸ் மகளைப் பார்த்தார். ஜோவிதாவின் கண்கள் விரிந்தன. அவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை அணைத்துக்கொண்டு, "அழுதுரு சாமி, அழுதுரு," என்றார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ஜஸ்டஸ் கைக்குட்டையை எடுத்து இருமினார். அவருக்கும் அப்படித்தான் ஆயிற்று.

திரும்பி நடக்கும்போது ஜோவிதா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லிறாதீங்கப்பா."

"நான் ஏம்மா சொல்றேன்," என்றார். "போதகர் சொன்னதுலயும் ஒண்ணும் தப்பில்லயே."

அடுத்த நாள் காலையில் உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஜோவிதா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜஸ்டஸ் அலமாரியைத் திறந்து, முதல் பாகத்தை உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

"ஜோவிதா, இந்த அமரியோட தம்பி நல்ல பையனாட்டத்தான் இருக்கான்."

"ஆமாங்கப்பா."

"அஞ்சு ஆரம்பிக்கறப்பவே செத்திருக்கானே. எந்தப் பாகத்துல சாகறான்?"

"சொல்ல மாட்டேன். படிங்க."

அவர் படித்தார். வாய்விட்டுத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு பக்கம் போன பிறகே உறைத்தது. அதற்குள் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. பாத்திரச் சத்தமும் இல்லை. ஜஸ்டஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.