நிகமின் ஐம்பத்து மூன்றாவது சாவு

ரகுராஜ் நிகம் ஐம்பத்து மூன்றாவது முறையாகச் செத்தபோது அவர் மனைவி குமுத்தின் வளையல்கள் உடையவில்லை. அப்போது மலாடு வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் நிகமின் தங்கை சுஷ்மா; சோபாவில் சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு ஃபெர்னாண்டஸ் அம்மாள்; வாசலை ஒட்டித் தரையில் பெட்டியைத் திறந்துவைத்தபடி வளையல்காரர் ரஷீத்; நடுவே, மேசையில் விரித்த துண்டின்மேல் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு குமுத். 1984 பிப்ரவரி ஒன்பது, பிற்பகல் மூன்று மணி. மூன்றரை ஆயிற்று. சமோசா ஆறியது.

"ஸ்டூடியோல லைட்டு எதாவது ஃப்யூஸ் போயிருக்கும், அண்ணி," என்றாள் சுஷ்மா.

குமுத் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் உதவி இயக்குநர். "சார் செத்து அரைமணி ஆச்சே, அண்ணி. ஒரே டேக். இப்ப டீ குடிச்சிட்டிருக்கார்."

முதல் தடவை 1955இல். கோரேகாவ் ஸ்டூடியோவில் நிகம் ஊர்த்தலைவர் வேஷத்தில் குண்டடிபட்டுச் சாய்ந்த அதே நிமிடம், வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த குமுத்தின் வளையல்கள் ஒன்று பாக்கியில்லாமல் மாவுக்குள் உதிர்ந்தன. வளையல் தானாக உடைந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் அவர் காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயத்தோடு வந்து செருப்பைக் கழற்றும்வரை அழுதாள். பிறகு பழகிவிட்டது. கதாநாயகர்கள் வந்தார்கள், தொந்தி வைத்தார்கள், போனார்கள். நிகம் அவர்களுக்கு அண்ணனாக, அப்பாவாக, நேர்மையான இன்ஸ்பெக்டராக இருந்து, இடைவேளைக்குள் செத்துக்கொண்டிருந்தார். அவர் சாகும் தேதிகளைக் குமுத் காலண்டரில் குறித்துவைப்பாள். அன்றைக்கு வளையல் உடைவதைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவார்கள். பம்பாயில் எத்தனையோ துணை நடிகர்கள், எத்தனையோ மனைவிகள். எவளுக்கும் இப்படி நடந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு மிதப்பு இருந்தது. இருக்க வேண்டியும் இருந்தது. ஏனென்றால் திரையில் முப்பத்தொரு படங்களில் அவருக்கு மனைவி வத்ஸலா கர்ணிக். கல்யாணமே செய்துகொள்ளாத அந்த வத்ஸலாவுக்குத்தான் அவர் வெள்ளித்திரையில் முப்பத்தொரு முறை குங்குமம் வைத்திருந்தார். நிகமுக்கு வரும் ரசிகர் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுபவள் குமுத். அவற்றில் பாதி, 'உங்கள் மனைவி வத்ஸலாஜி நலமா?' என்று முடியும். 'நலம்' என்று எழுதி, நாவால் தொட்டு உறையை ஒட்டுவாள். பசை கசக்கும்.

எட்டாம் நாள் ரஷீத் வந்தார். உட்காரவில்லை.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தாதர்ல வத்ஸலாம்மா கூப்பிட்டு விட்டாங்க. ஒம்பதாந்தேதி மூணு மணிக்கு அவரைக்காய் நறுக்கிட்டிருந்தாங்களாம். கையில கிடந்த ரெண்டு டஜனும் பொலபொலன்னு உதிர்ந்துபோச்சாம். பயந்துபோய்க் கிடக்காங்க."

"அவ இந்தப் படத்துலயே இல்லையே."

"இல்லதான்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குமுத் ரொட்டியைத் தட்டில் போட்டபடியே கேட்டாள். "சாகறப்ப யாரை நெனச்சீங்க?"

"நான் யாரை நெனைக்கிறது? டைரக்டர் சாகச் சொன்னார், செத்தேன்."

"மனசுல எதாவது ஓடியிருக்கும்ல."

நிகம் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அவருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைக்கவில்லை என்பார்கள். யோசித்தார். "சத்தியமா, சாப்பாட்டைத்தான் நெனச்சேன். பசி."

"யார் சமைச்ச சாப்பாட்டை?"

இருபத்தைந்து வருடம் வத்ஸலாவின் டிபன் டப்பாவிலிருந்து தாலிபீட் அடையைப் பிய்த்துத் தின்றவர், கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். குமுத் இன்னொரு ரொட்டி போட்டாள்.

மார்ச்சில் அவர் இரண்டு முறை செத்தார். இரண்டு முறையும் தாதரில் உடைந்தது. மலாடில் சமோசா நின்றது. ஃபெர்னாண்டஸ் அம்மாள் படியில் எதிர்ப்பட்டபோது, "இந்தக் காலத்து வளையல் கெட்டிதான்," என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை, ரசிகர்களுக்கு எழுதும் தாளையே எடுத்து, மார்ஜின் மடித்து, தேதி போட்டு எழுதினாள்.

'வத்ஸலாவுக்கு, குமுத் எழுதுவது. இம்மாதம் பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு இவர் பாலத்திலிருந்து விழுகிறார். இருபத்தாறாம் தேதி மதியத்துக்கு மேல் மாரடைப்பு. இரண்டு நாளும் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்ளவும். ரஷீதிடம் மெல்லிய கண்ணாடி கேட்டு வாங்கவும்; தடித்தது கையைக் கிழிக்கும். பயப்பட வேண்டாம், சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்கு. படத்தில் சாகிற சாவெல்லாம் இனி உங்களுடையது. தேதிகளை மாதாமாதம் எழுதி அனுப்புகிறேன். நான் தேதி எழுதாத நாட்களில் நீங்கள் கண்ணாடி வளையல் போடக் கூடாது. என்னால் தேதி எழுத முடியாத சாவு ஒன்று இருக்கிறது. அது இங்கேதான் உடைய வேண்டும்.'

படித்துப் பார்த்தாள். 'தாலிபீட்டுக்கு மாவு எப்படிக் கலப்பது என்று எழுதவும்' என்று அடியில் சேர்த்தாள். பிறகு அந்த வரியை மட்டும் மை போட்டு நன்றாக அடித்தாள். உறையை நாவால் தொட்டு ஒட்டி, தபால்தலை வைத்து, கீழே இறங்கித் தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் போட்டாள். வளையல்கள் இரும்பு விளிம்பில் கலகலவென்று மோதின. ஒன்றுகூட உடையவில்லை.