இடது காது

குமாரவேலுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது ஐம்பத்து மூன்று. வீரபாண்டியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருந்தார். தினமும் கதிர்வீச்சுக் கரண்ட் வைப்பது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்று கோவை ஆஸ்பத்திரியில் முடிவானது.

முதல் கீமோ ஏறிய நாலாம் நாள் இரண்டு காதிலும் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. மனைவி கண்ணம்மாள் அவரைக் காது டாக்டர் அனுசுயாவிடம் கூட்டிப் போனாள்.

"அந்த மருந்து கட்டிய மட்டும் கொல்லாதுங்கண்ணா. உள்காதுல இருக்கற செல்லையும் கொல்லும். செத்தது திரும்ப வராது. அதுக்காக கீமோவ நிறுத்தவும் முடியாது" என்றார் டாக்டர். "ஒண்ணு செஞ்சு பாக்கலாம். கீமோவுக்கு முந்தின நாள் செவிப்பறை வழியா ஊசி விட்டு, காதுக்குள்ளயே ஸ்டீராய்டு மருந்த நிரப்பறது. அங்கேயே ஊறி உள்காதுக்குப் போகும். சிலருக்குக் காப்பாத்தும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. உறுதி சொல்ல மாட்டேன்."

"ரெண்டு காதுக்குமுங்களா?" என்று கண்ணம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுக்குத்தானுங்க. உடம்புல இப்ப எதிர்ப்பு சக்தி கம்மி. பறையில போட்ட ஓட்டை ஆறாம சீழ் புடிச்சுட்டா இன்னொண்ணாவது மிஞ்சோணும். எந்தக் காதுன்னு நீங்களே சொல்லுங்க."

வலது காதில்தான் அவர் போன் பேசுவார். ஆனாலும் இடது என்றார். ஏன் என்று வெளியே வந்ததும் கண்ணம்மாள் கேட்டாள். "வண்டியில போறப்ப நீ அந்தப் பக்கந்தான பேசுவ" என்றார்.

இரண்டாவது கீமோவுக்கு முந்தின நாள் போட்ட ஊசி பெரிதாக வலிக்கவில்லை. மருந்து உள்ளே போனதும் அறை ஒருமுறை சுற்றி நின்றது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். அரை மணி நேரம் காதை மேலே வைத்துப் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். கரண்ட் வைத்து வெந்த வாயில் எச்சில் கோழையாக ஊறியது. கண்ணம்மாள் குனிந்து அவர் கன்னத்துக்கடியில் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கீமோவுக்கு முன்னும் இதே போல ஒருமுறை.

எல்லாம் முடிந்து காதைச் சோதித்தார்கள். வலது காதில் பேச்சு வெறும் இரைச்சலாகிவிட்டது. இடது காது ஏறக்குறைய பழையபடியே இருந்தது. அனுசுயா சோதனைக் காகிதத்தில் இடது காதின் கேட்கும் அளவைக் காட்டும் கோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். மகன் இளங்குமரன் இருவரையும் சிவன்மலைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான்.

தை மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமாரவேல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சமையல்கட்டு வாசலில் இளங்குமரன் தாழ்ந்த குரலில் பேசினான்.

"அப்பா தூங்கறாருங்கம்மா. நெஞ்சுல ரெண்டு பக்கமும் பரவிருச்சாமா. சித்திரை தாண்டறது கஷ்டம்ங்கறாங்க. அவருகிட்டச் சொல்ல வேண்டாமுங்க."

"வலிக்குமாடா?" என்றாள் கண்ணம்மாள். குழாயைத் திறந்துவிட்டாள். மகன் சொன்ன பதில் தண்ணீர் சத்தத்தில் போய்விட்டது.

சாயங்காலம் அவள் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். "ரிப்போர்ட் நல்லா இருக்குதாமுங்க. உடம்பு தேறுனாப் போதுமாமா" என்றாள். குமாரவேல் தலையாட்டினார். அடுத்த பத்து நாளும் அவள் அதையே விதவிதமாகச் சொன்னாள். முப்பது வருடத்தில் அவள் அவரிடம் பொய் சொல்லிப் பழகியதில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் குரல் கொஞ்சம் மேலே ஏறியது. அந்த ஏற்றம் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

பதினோராம் நாள் இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணம்மாள் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஏனுங்க, சீழா வருது? இருங்க, டாக்டரம்மாவக் கூப்புடறேன்" என்று போனை எடுத்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். பஞ்சை எடுத்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "சீழ் இல்ல. நீ பொய் சொல்றதக் கேக்க முடியல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"அவன் சொன்னப்பவே."

"அந்த ஊசியே போட்டிருக்க வேண்டாமுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழட்டும் என்று விட்டார். பிறகு கேட்டார்: "வலிக்குமான்னு கேட்டியே. அவன் என்ன சொன்னான்? கொழாச் சத்தத்துல கேக்கல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வலிக்குமாமுங்க. கடைசியில ரொம்ப வலிக்குமாமா. அதுக்கு மருந்து இருக்குதாம். ஊட்டுக்கே வந்து குடுப்பாங்களாம்."

இந்த முறை குரல் ஏறவில்லை. "செரி" என்றார் அவர்.

வலி வந்தது, மகன் சொன்னதைவிட முன்னாலேயே. மாசிக் கடைசியில் பேச்சும் நின்றது. கண்ணம்மாள்தான் பேசிக்கொண்டிருந்தாள், அவர் விரலை அசைப்பார். ஒருநாள் அனுசுயா போன் செய்து, காது இப்போது எப்படி இருக்கிறது, சோதனைக்கு வரவில்லையே என்று கேட்டார்.

"நல்லாக் கேக்குதுங்க டாக்டர்" என்றாள் கண்ணம்மாள். "எல்லாமே கேக்குதுங்க."

பங்குனியில் ஒரு நாள் காலை, நாலு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை என்றும், பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கியதாகவும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதுதான் அவர் விரலும் மார்பும் அசையாததைக் கவனித்தாள்.