கன்னியப்பன் பட்டறையில் சோதனை

எங்கள் கம்பெனியில் திட்டம் போடும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், வேறெதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் நான்தான் என்று முதலாளி வரதன் சரியாகக் கணித்திருந்ததே. மண்ணூர்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். லேத் பட்டறைகளுக்கு ஸ்டாக்கும் பில்லும் பார்க்கும் சாஃப்ட்வேர் எங்களுடையது. அதைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய் ஏற்றுகிறவர் இருதயராஜ். பென்டிரைவை ஜெபமாலை மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பைக்கில் கிளம்புவார். ஒரு ஃபைல் விட்டுப்போனால் மறுபடி போவார். நாங்கள் எதையாவது விடாத நாளே கிடையாது. அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

இப்போது சாஃப்ட்வேரைக் கட்டி அனுப்புவதில் புதிய முறை ஒன்று வந்துவிட்டது. வேண்டிய ஃபைல்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, சீல் வைத்து அனுப்பிவிட்டால் அது நெட் வழியாகப் போய்த் தானே ஏறிக்கொள்ளும். பட்டறைக்காரர் ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

“அப்ப இருதயராஜுக்கு என்ன வேலை சார்?” என்று வரதனிடம் கேட்டேன்.

“அதத்தான்யா நானும் கேக்குறேன். ஒரு பட்டறையில டெஸ்ட் பண்ணு. ஓடிச்சின்னா எல்லாத்துக்கும் அதான், அந்தாள அனுப்பிடலாம். ஊத்திக்கிச்சின்னா பழையபடியே போவட்டும்.”

யோசித்து யோசித்து, சோதனைக்கு அயனம்பாக்கம் கன்னியப்பன் பட்டறையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கம்ப்யூட்டருக்குள் இரும்புத்தூள் குடித்தனம் நடத்துகிறது. ஆன் செய்தால் லேத்தைவிட அதிகம் கத்தும். மேகம் கறுத்தாலே நெட் படுத்துவிடும். அதில் எதுவும் ஏறாது. “மோசமான எடத்துல ஓடினா எங்கயும் ஓடும் சார்” என்று வரதனிடம் தத்துவம் பேசினேன். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட ஒரே புத்திசாலித்தனமான திட்டம்.

இருதயராஜிடம் டெஸ்ட் என்று மட்டும் சொன்னேன். அது ஓடினால் அவர் வேலை போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

“டெஸ்டுக்கு அந்தாளு பட்டறதான் கெடச்சுதா சார்?” என்று பதறினார். “அது கம்ப்யூட்டர் இல்ல சார், காயலாங்கட. ஊத்திகிச்சின்னா நம்ம ஓனர் உங்கள கிய்ச்சி தோரணம் கட்டிருவாரு.”

“கட்டட்டும், விடுங்க.”

என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சோதனை நாளன்று வரதனும் வந்திருந்தார். பட்டனை அமுக்கினேன். மிஷின் சத்தமே போடவில்லை. அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. திரையில் பச்சைக் கோடு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. பில் அச்சாகி வெளியே வந்தது.

“பரவால்லயே!” என்றார் வரதன்.

“பின்ன, ஓடாதா?” என்று கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நம்ம இருதயம் ஞாயித்துக்கெயம சர்ச்சுக்குக்கூட போவாம இங்கயே குந்திகினு இத்தப் பிரிச்சி மேஞ்சிட்டாரு. அவுரு பொண்ணு கம்ப்யூட்டர்லேர்ந்து மெமரியக் கயட்டிகினு வந்து போட்டாரு. நெட்டுக்காரன இட்டாந்து லைன மாத்தினாரு. இன்னாத்துக்கு நைனா இவ்ளோன்னு கேட்டா, ‘எங்க சார் மானம் பூடக்கூடாது’ன்றாரு.”

வாசலில் நின்ற இருதயராஜ் வெட்கப்பட்டுச் சிரித்தார். வரதன் சிரிக்கவில்லை. அந்தளவுக்கு அவரும் மனுஷன்தான். “நீயே சொல்லிடு” என்று என் காதோரம் முணுமுணுத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

“அடுத்தது எந்தப் பட்டற சார்?” என்றார் இருதயராஜ். “இன்னைக்கே போய் ரெடி பண்ணி வெச்சிர்றேன்.”

கையிலிருந்த பில்லை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

“மொதல்ல அந்த மெமரியக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. உங்க பொண்ணுக்கு வேணுமில்ல?”

“அய்ய, அத்த கயட்டினா இது படுத்துக்கும் சார்” என்றார் அவர். “இருக்கட்டும்.”