சுவரைப் பார்த்த நாற்காலி

கிருஷ்ணப்பன் யாரையாவது கூண்டுக்குள் அழைத்துப் போனால், கண்காணிப்பு அறையில் இருப்பவர்கள் தங்கள் நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த விதி எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எவரும் எவருக்கும் சொன்னதுமில்லை. அன்பரசி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், பக்கத்து இருக்கையிலிருந்த பிரபாகர் காலை நீட்டி அவளுடைய நாற்காலிச் சக்கரத்தை ஓர் உதை உதைத்துத் திருப்பிவிட்டான். அது ஒன்றே அவளுக்குக் கிடைத்த பயிற்சி.

கூண்டு என்பது காவலர்கள் வைத்த பெயர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், சன்னல்களே இல்லாமல் நின்ற அந்தத் தரவு மையத்தின் உள்வாசலில் இரும்புச் சட்டமிட்ட இரண்டு நகரும் கண்ணாடிக் கதவுகள் இருந்தன. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். இடையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நிற்க வேண்டிய சிற்றறை. தரை எடையை அளக்கும். இரண்டு பேர் நின்றால் கதவுகள் அசையாமல் நின்றுவிடும், கண்காணிப்பு அறையில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது 'பராமரிப்பு' என்ற பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும். கதவுகளும் அறையில் இருப்பவரின் விரலுக்குக் கட்டுப்படும். அந்நேரத்துக் காட்சி பதிவில் சேராது. அன்னியனைப் பிடிக்கச் செய்த பொறியில், காவல் நிறுவனத்தை நடத்தும் கிருஷ்ணப்பன் தன் ஆட்களையே அடித்தான்.

கடத்தூர் மாரப்பன் வாசலில் கண்ணயர்ந்ததற்காகச் சென்ற ஆடியில் கூண்டுக்குள் போனார். வெளியே வந்தபோது இடக்காதிலிருந்து இரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படியில் விழுந்துவிட்டதாக மருத்துவரிடம் அவரே சொன்னார். இன்னொரு காவலர் இன்னாசிக்கு இரண்டு பற்கள் போயின. அவரும் அதே படியில்தான் விழுந்தார். இப்போது மாரப்பனிடம் பேசுகிறவர்கள் வலப்பக்கமாகப் போய் நின்று பேசுகிறார்கள். அதற்கான காரணத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை.

பேசாமலிருக்க எல்லாருக்கும் நியாயம் இருந்தது. ஓசூரிலும் கோவையிலும் சென்னைப் புறநகரிலும் இத்தகைய மையங்கள் எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வேலியும் வாசலும் காவலும் வேண்டியிருந்தது. ஏரியூர்ப் பக்கத்து ஆட்களை வேனில் ஏற்றிவந்து, பயிற்சி தந்து, சீருடை மாட்டி அனுப்பும் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. கிருஷ்ணப்பனின் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் இருந்தது: எங்கள் வாசலை ஏமாற்றி இதுவரை எவரும் நுழைந்ததில்லை. அந்த வாக்கியத்தை நம்பி இன்னும் நான்கு மையங்கள் வரப்போவதாகவும், இங்கிருப்பவர்கள் அங்கே மேற்பார்வையாளர்கள் ஆவார்கள் என்றும் அவன் சொல்லியிருந்தான். அன்பரசிக்கு ஓசூர் என்று முடிவாகியிருந்தது.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அந்த வாக்கியம் பொய்யானது. சரக்கு வாசலில் வத்தல்மலைத் தீர்த்தன் நின்றிருந்தான். கனமான மின்கலம் ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி, வியர்வை சொட்ட ஒருவன் வந்தான். அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருக்கிறது, இறக்கி வைத்துவிட்டுக் காட்டுகிறேன் என்றான். தீர்த்தனின் ஊரில் சுமையோடு நிற்பவனிடம் பேர் கேட்பது இழுக்கு. முதலில் வழி விடுவார்கள், அல்லது சுமையை வாங்கிக்கொள்வார்கள், பேச்செல்லாம் பிறகுதான். தீர்த்தன் கதவை வலக்கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டான். உள்ளே போனவன் மின்கலத்தை இறக்கினான், அட்டையைக் காட்டவில்லை. கைப்பேசியை எடுத்துக் கதவையும் தீர்த்தனையும் படம் பிடித்தான். வாசலைச் சோதித்துப் பார்ப்பதற்காக, புதிய மையங்களைத் தரவிருந்த வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆள் அவன்.

மூன்று மணிக்குள் அறிக்கை வந்துவிட்டது. நான்கு மையங்களும் கைவிட்டுப் போயின என்று கிருஷ்ணப்பனே கண்காணிப்பு அறைக்கு வந்து சொன்னான். குரல் உயரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரபாகரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினான். சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்பரசி 'பராமரிப்பு' பொத்தானை அழுத்தினாள். கதவுகளை இயக்கும் விசைப்பலகையை, கம்பியோடு சேர்த்து, வழக்கம்போல மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிரபாகரும் திரும்பினான். வெளுத்த சுவரில் அவர்கள் பார்க்க எதுவுமில்லை. கூண்டு அடுத்த நடைவழியில் இருந்ததால் சத்தம் சுவர் வழியாக வந்தது. முதல் அடி, ஈர மூட்டையைத் தரையில் போட்டாற்போல. பிறகு தலை கண்ணாடியில் மோதும் ஓசை, நான்கு முறை, சம இடைவெளியில். தீர்த்தன் கத்தவில்லை. ஏதோ விளக்கம் சொல்ல முயல்வது போல ஒரு முனகல், அதன் நடுவில் இன்னோர் அடி. பிரபாகர் கடிகாரத்தின் வாரை இறுக்கிப் பிடித்தபடி, இன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிடும் என்று மெல்லச் சொன்னான்.

மேசையிலிருந்த வாக்கிடாக்கியில் கிருஷ்ணப்பனின் மூச்சிரைப்பு கேட்டது.

"எந்தக் கையில புடிச்ச? கதவ எந்தக் கையில புடிச்ச?"

"சோத்துக் கையிங்க சார்." தீர்த்தனின் வாயில் எச்சிலோ இரத்தமோ நிறைந்திருந்தது. "செமையோட நிக்கிறவங்கள பேரு கேக்க மாட்டோமுங்க எங்கூருல. அதனாலதானுங்க."

"சும்னிரு," என்று கிருஷ்ணப்பன் கன்னடத்தில் அதட்டி அவன் வாயை அடக்கினான். பிறகு குரல் மாறியது, அறைக்குப் பேசினான். "அன்பரசி, உள்கதவத் தொறந்து மூடும்மா."

அவள் மடியைப் பார்த்தாள். திறக்கும் பொத்தான். மூடும் பொத்தான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாள்.

இம்முறை தீர்த்தன் கத்தினான். கதவு எதிலோ இடித்து, தானாகவே பின்வாங்கும் ஓசை கேட்டது. இடையில் ஏதேனும் சிக்கினால் கதவு திரும்பிவிடும். பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். சிக்கியது எதுவென்று அன்பரசிக்குப் புரிந்தபோது, தன் ஆட்காட்டி விரல் இன்னும் பொத்தானின் மீதே இருப்பதைக் கண்டாள். கிருஷ்ணப்பன் அடித்த கணக்கில் இது சேராது. இதை அவள் செய்தாள், சுவரைப் பார்த்தபடியே செய்தாள்.

"அது திரும்புதும்மா," என்றது வாக்கிடாக்கி. "ஓவர்ரைடு போட்டு மூடு."

ஓவர்ரைடு ஒரு சிறு மூடிக்குக் கீழே இருந்தது. தீப்பிடித்தால், நடுவே எது இருந்தாலும் கதவு முழுதாக மூடுவதற்கானது. அதை அழுத்தினால் கதவு நிற்காது. வாரவிடுப்பில் மலையேறிச் சாமைக் காட்டில் தீர்த்தன் ஏர் பிடிக்கும் கை அது. மூடியைத் திறந்து அழுத்தினால் மணிக்கட்டோடு போய்விடும்.

"அக்கா," என்றான் பிரபாகர், சுவரிடம் சொல்வதுபோல. "போட்ருங்கக்கா. நம்ம ஒண்ணும் பாக்கல."

"போடும்மா," என்றது வாக்கிடாக்கி. "ஓசூரு போவோணுமா வேண்டாமா?"

தீர்த்தன் இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தான். பொத்தானை அழுத்துவது யாரென்று அவனுக்குத் தெரியாது. அதற்குப் பதில் இடக்கையை எடுத்துக்கொள்ளும்படி கிருஷ்ணப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்பரசி பாதத்தைத் தரையில் ஊன்றினாள். பிரபாகர் அவளுடைய நாற்காலிச் சக்கரத்தில் காலை வைத்துத் தடுத்தான். அவள் மடியிலிருந்த விசைப்பலகையை ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினாள். அவன் குனிந்து சுருண்டு காலைப் பிடித்துக்கொண்டான். நாற்காலி திரும்பியது.

திரை முழுவதும் கூண்டு. தீர்த்தன் முழந்தாளிட்டிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கிருஷ்ணப்பன் அவன் முதுகில் முழங்காலை அழுத்தி, அவனுடைய வலக்கையைக் கதவுச் சட்டத்துக்குள் நீட்டிப் பிடித்திருந்தான். நடுவிரல் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. கண்ணாடியில் முன்பு தலை மோதிய இடத்திலிருந்து இரத்தம் கோடாக வழிந்து தரைக்கு வந்திருந்தது. அவள் எதையும் விடாமல் பார்த்தாள். பிறகு 'பராமரிப்பு' பொத்தானை மறுபடி அழுத்தி விடுவித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஓடத் தொடங்கியது. கட்டடம் முழுவதற்குமான ஒலிபெருக்கியை இயக்கி, ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள்.

எல்லா வாசல்களிலும், சரக்குக் கொட்டகையிலும், வேலியோரத்திலும், கூண்டுக்குள்ளும் அவள் குரல் ஒரே நேரத்தில் கேட்டது.

"கிருஷ்ணப்பன் சார், நான் அன்பரசி பேசறனுங்க. தீர்த்தன் கைய நீங்க கதவுல வெச்சிருக்கீங்க. மொத தடவ மூடுனது நான்தான். இப்ப திரையப் பாத்துக்கிட்டு இருக்கறன்."

திரையில் கிருஷ்ணப்பன் தலையை உயர்த்தி, கேமராவுக்குள் பார்த்தான்.

"பாத்துக்கிட்டேதான் இருப்பன்," என்றாள்.